கடைசிப் புள்ளி

புகார் ஒற்றை வரியில் வந்திருந்தது:
இணைப்பை அழுத்தினால் ஒன்றுமே இல்லை.
அந்த வரியின் முடிவிலும் ஒரு புள்ளி.

ஆரையம்பதி, பகல் இரண்டரை, கரண்ட் இல்லை.
மடிக்கணினியில் நாற்பது வீதம் மிச்சம்.
ஆவணத்தில் நான் எழுதியிருந்தது இவ்வளவுதான்:
மேலும் அறிய, பார்க்க கணக்கு.மீதி.

முதற்புள்ளி பெயருக்குள்ளேயே பிறந்தது.
கணக்கையும் மீதியையும் அதுதான் பிடித்து வைத்திருக்கிறது.
அடுத்தது என்னுடையது,
மூச்சு விட நான் வைத்தது.
என் நிரலுக்கு இரண்டும் ஒரே மை.
வாலையும் சேர்த்து விழுங்கிவிட்டு
பதிவேட்டில் இல்லாத ஒருவரைத் தேடி
கதவு கதவாகத் தட்டியிருக்கிறது.

"அப்ப கடைசிப் புள்ளிய வெட்டு" என்றான் அஃப்லால்
காத்தான்குடியிலிருந்து, எதையோ மென்றபடி.
வெட்டினேன்.
காற்புள்ளியை, அரைப்புள்ளியை, ஒரு வீறாப்பில்
கேள்விக்குறியையும்.
மறுகா அடைப்புக்குறி வந்தது.

(பார்க்க கணக்கு.மீதி())

ஒரு சோடி பெயருக்கு, உள்ளே ஒன்றுமில்லாமல்.
ஒரு சோடி வாக்கியத்துக்கு.
கடைசியில் ஒட்டி நிற்கிற இரண்டு மூடல்களில்
எது வீட்டுக் கதவு, எது வளவுப் படலை?
திறந்ததை எண்ணி மூடியதில் கழித்து
மிஞ்சினதை வெளியே விட வேண்டும்.
விரல் விட்டுத்தான் எண்ணினேன். வெட்கமில்லை.

பட்டணத்திலிருந்து பஸ்ஸில் வருகிறபோது
நடு வீதியில் பேரீச்சை மரங்கள் ஓய்கிற இடத்தில்
அடுத்த ஊர் என்று நான் நினைத்துக்கொள்வேன்.
அதற்கு முன்பே இறங்கிவிடுகிற எங்கட ஆக்கள் உண்டு.
அதற்குப் பிறகும் இறங்காத அவங்கட ஆக்களும்.
கடைக்குப் பக்கத்தில் கடை, இடைவெளி கிடையாது.
கொண்டக்டர் ரோட்டைப் பார்க்காமலே மணியடிக்கிறார்,
சில்லறை எண்ணிக்கொண்டு.
அந்தப் பார்க்காமை எனக்கு வேண்டும்.
எத்தனை வரி எழுதினாலும் நிரலுக்கு அது வராது.

நாலு மணிக்குக் கரண்ட் வந்தது.
நாலே காலுக்கு இன்னொரு பெயர்: மீதி.உண்டா?
அந்தக் கேள்விக்குறி பெயரோடு வந்தது,
எழுதியவன் வைத்தது.
என் வீறாப்பு அதன் காலை வெட்டியிருந்தது.
போதாக்குறைக்கு நம்முடைய மொழி.
மீதியைப் பார்க்க என்றால் ஐ வந்து ஒட்டுகிறது,
ஐயின் முதுகில் ஒரு ப்.
மீதியிலிருந்து, மீதிக்காக, மீதியாம்.
புள்ளியாவது தெரியும்படி உட்காருகிறது.
வேற்றுமை உருபு உறவுக்காரர் மாதிரி
உள்ளே வந்து கதவையும் சாத்திக்கொள்கிறது.

எல்லாவற்றையும் அழித்தேன்.
ஒரேயொரு விதி எழுதினேன்:
வந்ததை முதலில் முழுதாக நம்பு.
அப்படியொரு பெயர் பதிவேட்டில் இருக்கிறதா, கேள்.
இல்லையென்றால் வாலிலிருந்து ஒன்றே ஒன்றை விடு.
திரும்பக் கேள்.

ஓடியது. ஆயிரத்துச் சொச்சம் இணைப்புகளில்
ஏழு மட்டும் வீடு சேரவில்லை. அவை என் எழுத்துப்பிழை.

அஃப்லாலுக்கு அனுப்பினேன்: சரியா வருது, பார்.
பதில் வந்தது: ஓம்.

போன கிழமை அவனுடைய நிரலைக் குப்பை என்றேன்,
எல்லாரும் இருக்கிற குழுவில்.
அன்றிலிருந்து அவனுடைய ஒவ்வொரு சொல்லுக்கும்
பின்னால் இப்படியொரு புள்ளி.
ஓம். சரி. பாக்கிறன்.

ஆறு மணி வரை பொறுத்துவிட்டு எடுத்தேன்.
"கோபமா?"
"என்ன கோபம் நிதர்சி? போனை மாத்தினன்.
இடைவெளிய ரெண்டு தரம் தட்டினா
அது தானா ஒரு புள்ளி போடுது."

பின்னால் மஃரிப் பாங்கு.
"வைக்கிறன்" என்றான். வைத்தான்.

அவன் சொன்னதை முழுதாக நம்பினேன்.
மறுகா வாலிலிருந்து ஒன்றை விட்டுப் பார்த்தேன்:
ஓம்